டெமோ அறையில் இல்லாதவர்கள்: திருப்பூர் ஏற்றுமதி நிறுவன உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய முதலாளிகளுக்கு, வணக்கம்.

ஆர்டர் வேலைகளை எக்ஸெல் ஷீட்டிலிருந்து ஆன்லைன் திட்ட மேலாண்மை மென்பொருளுக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சு நம் ஊரில் பல கம்பெனிகளில் நடக்கிறது. ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ், அசானா, மண்டே, ட்ரெல்லோ, ஜிரா என்று பெயர்கள் அடிபடுகின்றன. விற்பனைப் பிரதிநிதி வருகிறார், பெரிய திரையில் கலர்கலராகப் போட்டுக் காட்டுகிறார், நீங்களும் ஐடி பார்க்கிறவரும் அக்கவுண்ட்ஸ் மேனேஜரும் உட்கார்ந்து முடிவு எடுக்கிறீர்கள். ஆர்டரை ஷிப்மென்ட் வரை பின்தொடர்கிற மெர்ச்சண்டைசர் அந்த அறையில் அநேகமாக இருப்பதில்லை. கட்டிங் சூப்பர்வைசர் இருப்பதே இல்லை. நாளை முதல் அதில் தினமும் தேதி போடப்போகிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் போடாத நாளில் உங்கள் திரையில் தெரிவது போன வாரத்து நிலவரம்.

மெர்ச்சண்டைசர் மேசையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மென்பொருளை யார் கையில் ஓடப்போகிறதோ அவர்கள் கையில் முதலில் கொடுங்கள். உண்மையான ஒரு ஆர்டரை வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

டெமோவில் காட்டப்படும் வேலை நம் வேலை இல்லை. அங்கே ஒரு இணையதளத்தை வடிவமைப்பார்கள், அல்லது ஒரு விளம்பரம் தயாரிப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வேலைகள், நாலைந்து பேர், எல்லாரும் ஒரே அலுவலகம். ஒவ்வொரு கட்டமும் எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று எழுதும் நம்முடைய டி அண்ட் ஏ காலண்டர் அப்படியா இருக்கிறது? பையர், அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு நிறுவனம், சொன்ன ஷிப்மென்ட் தேதியைக் கடைசியில் எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வருகிறோம். துறைமுகத்தில் சரக்கை ஒப்படைக்கக் கடைசி நேரமான கட் ஆஃப், அதற்கு முன் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன், அதற்கு முன் பேக்கிங், அயர்னிங், செக்கிங், தையல், கட்டிங். அதற்கும் முன் காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி முன்பே சுருக்குவது), சாயம், நிட்டிங், நூல். பக்கத்திலேயே இன்னொரு ஓட்டம் நடக்கிறது: லேப் டிப் (சாய நிற மாதிரி) ஒப்புதல், ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முன் ஒப்புதல் வாங்கும் மாதிரி), லேபிள், பட்டன், பாலிபேக். இரண்டு ஓட்டமும் வந்து சேரும் இடம் கட்டிங் மேசை. துணி வந்து அடுக்கியிருந்தாலும் பிபி சாம்பிளுக்கு ஒப்புதல் வராமல் வெட்ட முடியாது. ஒப்புதல் வந்திருந்தாலும் சாயப்பட்டறையிலிருந்து துணி வராமல் வெட்ட முடியாது.

ஆகவே முதல் சோதனை இதுதான். ஷிப்மென்ட் தேதியை மட்டும் கொடுத்தால் முந்தைய எல்லாக் கட்டங்களின் தேதியையும் மென்பொருள் பின்னோக்கிக் கணக்கிட்டுத் தருமா? மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் 1984-இல், டாஸ் காலத்தில், வந்த மென்பொருள். கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் அந்த வகையில் முடிவுத் தேதியிலிருந்து திட்டமிடும் வசதி இருக்கிறது. இன்று பிரபலமாக இருக்கும் ஆன்லைன் கருவிகள் பலவும் தொடக்கத் தேதியிலிருந்து முன்னோக்கி நடக்கும் வேலையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. டெம்ப்ளேட் போட்டு ஓரளவு சமாளிக்கலாம். எவ்வளவு சமாளிக்க முடிகிறது என்பதை விற்பனையாளர் சொல்லக் கேட்காமல், உங்கள் ஆளே உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு தேதி நகர்ந்தால் அதைச் சார்ந்த மற்றவையும் நகர வேண்டும். ட்ரெல்லோ 2011-இல் வந்தது. அட்டைகளைப் பலகையில் இழுத்து நகர்த்தும் முறை யாருக்கும் உடனே புரியும். சாம்பிள் பிரிவுக்கு மட்டும் என்றால் நானே அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் நிட்டிங் அட்டையின் தேதி நாலு நாள் தள்ளினால் சாயம், காம்பாக்டிங், கட்டிங் அட்டைகளின் தேதி அதில் தானாகத் தள்ளாது. ஒவ்வொன்றாக நாம்தான் மாற்ற வேண்டும். அதைத்தான் எக்ஸெல்லிலும் செய்துகொண்டிருக்கிறோம். கேன்ட் சார்ட்டில், அதாவது வேலைகளை நாள்வாரியாகப் பட்டைகளாகக் காட்டும் படத்தில், ஒரு வேலையை இன்னொன்றோடு கோடு போட்டு இணைக்கும் வசதி நமக்கு அவசியம். ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் போன்றவற்றில் அது உண்டு. சில மென்பொருள்களில் கூடுதல் கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜிராவைப் பற்றி ஒரு வார்த்தை. அது 2002-இல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் மென்பொருள் பிழைகளைப் பின்தொடர்வதற்காகக் கொண்டுவந்தது. நிரல் எழுதுகிறவர்களுக்கு நல்ல கருவி. சாயப்பட்டறைக்கு ஏற்றமாதிரி அதை வளைக்கவும் முடியும். ஆனால் வளைத்துக்கொண்டே இருக்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டிவரும்.

2025 ஆகஸ்ட் 27 நினைவிருக்கும். அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு மொத்தம் 50 சதவீத வரியை அமல்படுத்திய நாள். அதையொட்டிய வாரங்களில் சில ஆர்டர்களைப் பையர்கள் முன்னதாக ஏற்றச் சொன்னார்கள், சிலவற்றை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு ஸ்டைலுக்கும் (உடை வடிவமைப்புக்கும்) ஒவ்வொரு வரியாகத் தேதியை மாற்றி, யார் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் போன் போட்டு, பெண்பிள்ளைகள் உட்பட மெர்ச்சண்டைசிங் பிரிவே இரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்த கம்பெனிகள் எத்தனையோ. சோதனையின்போது அப்படி ஒரு நாளை உருவாக்கிப் பாருங்கள். ஓடுகிற ஆர்டர் ஒன்றின் ஷிப்மென்ட் தேதியைப் பத்து நாள் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். எது எது நகர்கிறது, எது இனி முடியவே முடியாது என்று காட்டுகிறது, யாருக்குச் செய்தி போகிறது என்று கவனியுங்கள். அரை மணி நேரம் போதும், டெமோ முழுவதிலும் தெரியாதது அதில் தெரிந்துவிடும்.

நாள்காட்டியையும் பாருங்கள். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிற தொழிலாளர்கள் திரும்பிவர நாளாகும். பொங்கலுக்கும் அப்படியே. ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு வேறு பண்டிகை. சீனாவிலிருந்து ஜிப்போ லேபிளோ வர வேண்டுமென்றால் அவர்களுடைய புத்தாண்டு விடுமுறை குறுக்கே வரும். பையர் அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் நேரத்தில் ஒப்புதல் கொடுக்க ஆள் இருக்காது. இவை எல்லாவற்றையும் ஒரே விடுமுறைப் பட்டியலில் போட முடியாது. ஒவ்வொரு தரப்புக்கும் தனி நாள்காட்டி வைக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம், இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரு வேலை எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை சதவீதம் முடிந்தது என்ற அளவில்தான் பார்க்கும். நமக்கு வேலை பீஸ் கணக்கில் நடக்கிறது. 3 கலர், 5 சைஸ் என்றால் 15 வரி. அதில் நேவி மட்டும் கட்டிங் முடிந்திருக்கும், ரெட் இன்னும் சாயப்பட்டறையில் இருக்கும். லேப் டிப் முதல் தடவை ரிஜெக்ட் ஆகி, மறுபடி அனுப்பி, மறுபடியும் கமெண்ட் வரும். எத்தனை முறை போய் வந்தது என்பதும் ஒவ்வொரு முறையும் பையர் என்ன சொன்னார் என்பதும் அழியாமல் இருக்க வேண்டும். அதே சமயம் இதில் ஸ்டாக், டிசி (டெலிவரி சலான்), பில் எல்லாம் பார்த்துவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள், அது சரக்கையும் கணக்கையும் நடத்தும் ஈஆர்பி மென்பொருளின் வேலை. பீஸ் எண்ணிக்கை ஈஆர்பியில் இருக்கட்டும். தேதியும் பொறுப்பும் ஒப்புதலும் இதில் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றுக்குள் திணிக்கப் போனால் இரண்டும் கெடும்.

இப்போது, யார் பதிவு போடுகிறார்கள் என்பதற்கு வருகிறேன்.

கட்டிங் சூப்பர்வைசரிடம் லேப்டாப் கிடையாது. கையில் இருப்பது சாதாரண ஆண்ட்ராய்டு போன், கை முழுக்க வேலை, சுற்றிலும் மெஷின் சத்தம். அவர் தமிழில் எழுதுவார், அல்லது குரல் பதிவு அனுப்புவார். வெளியூரிலிருந்து வந்த செக்கிங் இன்சார்ஜ் இந்தியில் எழுதுவார். செயலியைத் திறந்து, ப்ராஜெக்ட்டைத் தேடி, ஸ்டைலைத் தேடி, வேலையைத் திறந்து, நிலையை மாற்றி, சேமிப்பதற்குள் அவர் ஐந்தாறு தடவை திரையைத் தொட வேண்டியிருந்தால், இரண்டாம் நாளே விட்டுவிடுவார். அவர்மேல் குற்றமில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ, ‘முடிஞ்சுது’ என்று ஒரு சொல்; அவ்வளவில் அவருக்கு வேலை முடிகிறது. நீங்கள் வாங்கப்போகும் எந்த மென்பொருளுக்கும் உண்மையான போட்டி இன்னொரு மென்பொருள் கிடையாது, நம் வாட்ஸ்அப் குரூப்தான். அதைவிடச் சுலபமாக இல்லாவிட்டால், சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் போட்டதை மெர்ச்சண்டைசர் ராத்திரி உட்கார்ந்து மென்பொருளில் ஏற்றுவார். அப்படி ஏற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். சம்பளம் ஒரே அளவுதான், வேலை இரட்டிப்பு.

தமிழைச் சோதிக்காமல் விடாதீர்கள். செயலியின் பொத்தான்கள் தமிழில் இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம் நாம் எழுதும் தமிழ் அதில் பிழைக்கிறதா என்பது. ‘சாயம் திரும்ப அனுப்பியாச்சு’ என்று ஒரு குறிப்பு எழுதுங்கள். பிறகு ‘சாயம்’ என்று தேடுங்கள், வருகிறதா? ‘சாயத்தை’ என்று எழுதிய குறிப்பு அதே தேடலில் வருகிறதா? அறிக்கையை பிடிஎஃப் ஆக எடுங்கள். பலவற்றில் கொம்பும் காலும் பிரிந்து, எழுத்து சிதறிவிடும். சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்ஸெல்லில் நேரடியாகத் திறங்கள். தமிழ் இருந்த இடத்தில் புரியாத குறிகள் வந்தால், சரிசெய்யும் வழியை விற்பனையாளரையே செய்து காட்டச் சொல்லுங்கள். ஆபீஸில் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல்கள் இருந்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்ற முடியாது. அந்த வேலைக்கும் ஆள், நேரம் ஒதுக்க வேண்டும்.

விலையைப் பற்றி நீங்கள் என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம். நிட்டிங், சாயம், பிரிண்டிங், எம்ப்ராய்டரி எல்லாம் வெளியில் ஜாப் ஒர்க் கொடுக்கிற நமக்கு, அந்த வெளியாட்கள் விருந்தினராக இலவசமாக வரலாமா, வந்தால் பார்க்க மட்டுமா, தேதி மாற்றவும் முடியுமா என்பதே பெரிய கேள்வி. மண்டேயில் கட்டணத் திட்டம் குறைந்தது 3 பேரில் தொடங்கும். அதன்பின் ஐந்தைந்தாகத்தான் ஏறும், 11 பேருக்கு 15 பேருக்கான பணம் கட்டுவீர்கள். இலவசம் என்று தொடங்குவதும் நிலைக்காது: ட்ரெல்லோ 2024-இல் தன் இலவசப் பணியிடங்களுக்கு (வொர்க்ஸ்பேஸ்) 10 பேர் என்று வரம்பு வைத்தது. வெளிநாட்டு நிறுவனம் டாலரில் பில் கொடுத்தால் 18 சதவீத ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்கள் கட்டிக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். ஆடிட்டரிடம் முன்பே கேளுங்கள். கார்டில் தானாகப் பிடிக்கும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அந்த ஓடிபி உங்கள் போனுக்கு வந்து நீங்கள் விமானத்தில் இருந்தால், இங்கே கணக்கு முடங்கும். ஜோஹோ சென்னை நிறுவனம், ரூபாயில் பில் தருகிறது, அதன் இந்தியத் தரவு மையங்கள் சென்னையிலும் மும்பையிலும் இருக்கின்றன. இவை உண்மையான சாதகங்கள். நம்மூர்க்காரர் என்பதற்காகச் சோதனையை மட்டும் தளர்த்த வேண்டாம்.

உள்ளே போவதற்கு முன்பே வெளியே வரும் வழியைப் பார்த்துவிடுங்கள். வுண்டர்லிஸ்ட் என்ற செயலியை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கி 2020 மே மாதம் மூடியது. மென்பொருள் குழுக்கள் வருடக்கணக்கில் நம்பியிருந்த பிவட்டல் டிராக்கர் 2025 ஏப்ரல் 30 அன்று நின்றுபோனது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் ஆன்லைனுக்கு 2026 செப்டம்பர் 30 கடைசி நாள் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்ல நிறுவனம், பெரிய நிறுவனம் என்பதெல்லாம் இதில் காப்பாற்றாது. 2022 ஏப்ரலில் அட்லாசியனில் பழைய செயலி ஒன்றை நீக்குவதற்காக ஓட்டிய நிரலுக்குத் தவறான அடையாள எண்களைக் கொடுத்துவிட்டார்கள். 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் முழுதாக அழிந்தன. எல்லாருக்கும் மீட்டுக் கொடுத்து முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. ஷிப்மென்ட் வாரத்தில் நமக்கு அப்படி நடந்தால் எந்த கார்ட்டன் எந்த பிஓவுக்கு (பர்ச்சேஸ் ஆர்டருக்கு) என்று எதைப் பார்த்துச் சொல்வோம்?

அதனால் சோதனைக் காலத்திலேயே எல்லாவற்றையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். வேலைப் பட்டியல் வந்துவிடும், அது சுலபம். பேச்சுக் குறிப்புகள் வருகிறதா, யார் எப்போது தேதியை மாற்றினார்கள் என்ற வரலாறு வருகிறதா, இணைத்த ஸ்பெக் ஷீட்டும் போட்டோவும் வருகிறதா? ட்ரெல்லோவின் இலவசத் திட்டத்தில் ஜேசன் என்ற, நேரே படிக்கச் சுலபமில்லாத கோப்பாகத்தான் வரும், இணைப்புகளுக்கு அதில் முகவரி மட்டும் இருக்கும். கணக்கை மூடிய பிறகு அந்த முகவரியால் என்ன பயன்? தேதி மாற்ற வரலாற்றை நான் விசேஷமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தாமதம் ஆகி ஏர் ஷிப்மென்ட் போனால் அந்தச் செலவு யார் தலையில் என்ற வாதத்தில், பிபி ஒப்புதல் எந்த நாள் வந்தது என்பதற்கு, மெயிலோடு சேர்த்து, நம்மிடம் இருக்கும் முக்கியமான சாட்சி அதுதான். சில குறைந்த விலைத் திட்டங்களில் அந்த வரலாறு கொஞ்ச காலத்துக்கு மேல் தெரியாது.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். நம் ஊரில் மெர்ச்சண்டைசர்கள் கம்பெனி மாறுவது சாதாரணம். ஒருவருடைய சொந்த ஜிமெயிலில் தொடங்கிய பணியிடம், அவர் போகும்போது அவரோடு போய்விடும். இல்லாவிட்டால் போனவருக்கு இன்னும் கதவு திறந்தே இருக்கும். இரண்டுமே அவருக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. கம்பெனி மின்னஞ்சலில் தொடங்குங்கள், ஒருவரை நீக்குவது எப்படி என்று முதல் நாளே செய்து பாருங்கள். யாரும் பார்க்கும்படி திறந்து வைத்த ட்ரெல்லோ பலகைகளிலிருந்து பல நிறுவனங்களின் கடவுச்சொற்கள் கூகுள் தேடலிலேயே கிடைத்த விவகாரம் 2018-இல் வெளிவந்தது. பையரின் அடுத்த சீசன் டிசைன் அப்படி வெளியே போனால் ஆர்டரே போகும்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனதில் உறுத்திக்கொண்டிருப்பது இனிமேல் சொல்லப்போவது. நல்ல மென்பொருளாகவே வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேதி தாண்டிய வேலை சிவப்பாகத் தெரியும், பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சத்தம் போட்டால் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வாரத்திலேயே சிவப்பு குறைந்துவிடும். துணி இன்னும் சாயப்பட்டறையில் இருக்கும்போதே ‘அனுப்பியாச்சு’ என்று குறித்துவிடுவார்கள். தேதி தாண்டும் முன்பே யாராவது அதை மெல்ல இரண்டு நாள் தள்ளிவைப்பார்கள். திரை முழுக்கப் பச்சையாக இருக்கும், இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது உண்மை வெளியே வரும், அப்போது விமானச் சரக்குக் கட்டணத்தைத் தவிர வேறு வழி இருக்காது. புதிதாகப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள், ஊரைவிட்டு வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவர்கள், திட்டு வாங்கப் பயந்து பொய்த் தேதி போடப் பழகுவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. அவர்கள் நேர்மையானவர்கள். சிவப்பைக் காட்டியவரிடம் ‘என்ன உதவி வேண்டும்’ என்று முதலில் கேட்கும் கம்பெனியில், தாமதம் பத்து நாளுக்கு முன்பே தெரிந்துவிடும். பத்து நாள் இருந்தால் இன்னொரு பட்டறையைப் பிடிக்கலாம், பையரிடம் பேசலாம். மென்பொருள் அந்தப் பத்து நாளை உங்களுக்கு வாங்கித் தரத்தான் இருக்கிறது. விடுப்பில் போனவர், வேறு ஸ்டைலுக்கு மாற்றப்பட்டவர் பெயரில் சிவப்பு தொங்காமல் பொறுப்பை மாற்றவும் வழி வேண்டும். கூடவே, சூப்பர்வைசர் எங்கே இருக்கிறார் என்று போன் வழியாகப் பார்க்கும் வசதிகளை விற்பனையாளர் ஆசை காட்டுவார். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். தேதியை அது ஒரு நாள்கூட முன்னுக்குக் கொண்டுவராது.

சோதனையை எப்படி நடத்தலாம் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். இரண்டு மென்பொருளுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஐந்தை வைத்து ஒப்பிட உட்கார்ந்தால் ஒன்றையும் ஆழமாகப் பார்க்க மாட்டோம். ஒவ்வொன்றிலும் மூன்று ஆர்டர்: ஒழுங்காக ஓடுகிற ஒன்று, ஏற்கெனவே தாமதமான ஒன்று, லேப் டிப் ரிஜெக்ட் ஆகி நிற்கிற ஒன்று. மெர்ச்சண்டைசர் ஒருவர், கட்டிங் சூப்பர்வைசர் ஒருவர், வெளிப் பட்டறை மேனேஜர் ஒருவர், அக்கவுண்ட்ஸிலிருந்து ஒருவர். வெளிப் பட்டறைக்காரர் வர மாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான், அவருக்கு வேண்டியதை நாம் எப்படி வாங்கிப் போடுவது என்று யோசிக்க வேண்டும். ஒரு மாதம் ஓடட்டும். அந்த மாதத்தில் அவர்களுடைய மற்ற வேலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் சோதனையே ஒரு சுமையாகி, எது வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். முடிவில் அவர்கள் நால்வரும் வேண்டாம் என்றால், தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. அந்த ஒரு மாதமும் வாட்ஸ்அப் குரூப்பில் ‘ஸ்டேட்டஸ் என்ன’ என்று கேட்காதீர்கள். மென்பொருளைத் திறந்து அங்கேயே பாருங்கள், கேள்வி இருந்தால் அங்கேயே எழுதுங்கள். நீங்கள் குரூப்பில் கேட்ட அடுத்த நிமிடம் எல்லாரும் அங்கே பதில் சொல்லப் போய்விடுவோம். மென்பொருளில் போட்ட தேதியை யாரும் பார்ப்பதில்லை என்று சூப்பர்வைசருக்குப் புரிந்துவிடும், அதன்பின் அவர் போட மாட்டார்.

அடுத்த டெமோ எந்தத் தேதி என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கட்டிங் சூப்பர்வைசரும் நானும் வருகிறோம். ஓடுகிற ஒரு ஆர்டரின் டி அண்ட் ஏ ஷீட்டையும் பையர் கமெண்ட் வந்த மெயிலையும் கொண்டுவருகிறோம், விற்பனையாளரின் மாதிரித் தரவுக்குப் பதிலாக அதை அவரையே ஏற்றிக் காட்டச் சொல்வோம்.

இப்படிக்கு,
ஒரு மெர்ச்சண்டைசர்
திருப்பூர்